அண்ணன் அனுப்பிய சாஸ்

துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய பார்பிக்யூ சாஸை மெஹ்ராஜ் பேகம் இட்லி, உப்புமா என்று எல்லாவற்றிலும் ஊற்றினாள்.

“இன்னாடி இது, ரசத்துல கூடவா? கறி சுடறதுக்குத்தானே சாஸு!” என்று அலறினார் கணவர் கவுஸ் பாஷா.

“எங்க அண்ணன் அனுப்புனா உங்களுக்கு எளக்காரம்!”

அவர் ரசத்தைத் தள்ளி வைத்துவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

இன்று அவரே சாஸைக் கேட்டு வாங்கி, தொட்டுத் தொட்டுப் பத்துப் பணியாரம் தின்றார்.

பூரித்துப்போன மெஹ்ராஜ் அங்கேயே ஸ்பீக்கரில் அண்ணனுக்குப் போன் போட்டாள். “அவுருக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சிண்ணா!”

“அப்பிடியா? இங்க ஒருத்தனும் தொடல. பன்னண்டு பாட்டிலு கெடந்துகினு இருக்குது. அனுப்பிடறேன்!”

பாஷாவுக்குப் புரையேறியது.

நேற்று அவள் சின்னசேலம் கல்யாணத்துக்குப் போனபோதுதான், சாஸைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அந்தப் பாட்டிலில் புளியும் வெல்லமும் காய்ச்சி ஊற்றி வைத்திருந்தார்.