இரண்டு திரையும் ஒரு அம்பும்

செண்பகாவின் லினக்ஸ் கணினியில், பழைய திரைக்குப் பக்கத்தில் புள்ளிகள் மிக நெருக்கமான புதுத்திரை ஒன்று வந்தது. அதில் எழுத்தெல்லாம் எறும்பு சைஸ்.

அவள் இரண்டு திரைக்கும் பொதுவான எழுத்தளவை இருநூறு சதவீதமாக்கினாள்.

"ஐயோ, ஒரு வரிகூட எனக்குள்ள அடங்கல!" என்று பழைய திரை அலறியது.

மறுபடி நூறாக்கினாள்.

"நான் காட்டுறது அக்கா கண்ணுக்குத் தெரியவே இல்லையே!" என்றது புதுத்திரை.

"என் அளவுதான் சரி!" என்று இரண்டும் கத்தின. புதுத்திரையைக் கடைக்கே திருப்பிவிட, செண்பகா அட்டைப்பெட்டியை எடுத்தாள்.

நடுவே ஊதியும் சுருங்கியும் நொந்துபோயிருந்த மவுஸ் அம்பு, "கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்றபடி, 'ஒவ்வொரு திரைக்கும் தனி அளவு' என்று அமைப்புப் பக்கத்தில் இருந்த வரிமேல் போய் நின்றது.

செண்பகா அதைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். புதியதற்கு இருநூறு, பழையதற்கு நூறு.

அம்பு இந்த முறை ஊதாமல், சுருங்காமல் புதுத்திரையிலிருந்து பழைய திரையை நோக்கி நகர்ந்தது. "எல்லை இன்னும் எவ்வளவு தூரம்?"

"நீ எப்பவோ என் பக்கம் வந்துட்ட," என்றது பழைய திரை.