எண்பத்திரண்டு கிலோ

மூன்று வாரமாகக் குமுதாவின் எடை எண்பத்திரண்டிலேயே நின்றது. சோற்றைக் குறைத்தாள், தே தாரேக் டீயை விட்டாள். வீட்டு எடைக்கருவியின் முள் அசையவில்லை.

"போதும்லா, இப்பவே அழகாத்தான இருக்க," என்றான் கணவன் கோகிலன்.

"எண்பதுக்குக் கீழ வரணும்ங்க."

அன்று சிம்பாங் பூலாய் கிளினிக்கில் எடை பார்த்தால் எழுபத்தெட்டு!

வீட்டுக்கு வந்ததும் குனிந்து பார்த்தாள். யாரும் ஏறாமலே எடைக்கருவியின் முள் நான்கில் நின்றது.

"நான் எளைக்க எளைக்கத் திருகாணியத் திருப்புனது நீங்கதான?"

கோகிலன் தன் கையிலிருந்த டயாலிசிஸ் ஊசித் தழும்புகளைத் தடவினான். "எண்பதுக்குக் கீழ வந்தா ஒன் கிட்னிய எடுத்து எனக்கு வெச்சிருவாங்க. ஒனக்கு ஏதாச்சும் ஆனா பிள்ளைங்களுக்கு யாரு?"

குமுதா முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள்.

"டாக்டர்கிட்ட எடையச் சொல்லிட்டுத்தான் வாரேன். திங்கக்கெழம ரெண்டு பேருக்கும் டெஸ்ட்டு."