முதல் பரிசுப் புல்

"கரியப்பா, விதைக்கியா, இல்ல மண்ணுக்கு மாலிஷ் பண்ணுதியா?"

சூப்பர்வைசர் சுடலைமுத்து கேட்டதும் கரடு மொத்தமும் சிரித்தது.

கோடையில் தீப்பிடித்துக் கருகிப்போன நாட்றாம்பாளையத்து மேய்ச்சல் கரடு அது. புல் விதைக்க ஓசூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று கிலோ கொழுக்கட்டைப்புல் விதை, பெயர் எழுதிய அட்டை நட்டு ஆளுக்கொரு இடம். முதலில் முடிப்பவருக்குப் பரிசு என்று எச்.ஆர். ராஜலட்சுமி மேடம் அறிவித்துவிட்டார்.

லோடிங் செக்ஷன் கரியப்பனுக்கு அதே ஊர். அவருடைய மாடுகளுக்கு இந்தக் கரட்டை விட்டால் வேறு கதியில்லை. குச்சியால் கீறி, விதையைத் தூவி, காலால் மிதித்து, எறும்பு தூக்காமல் மண்ணைத் தள்ளி மூடி, மத்தியானமாகியும் பாதியைத் தாண்டவில்லை.

சுடலைமுத்து முக்கால் மணி நேரத்தில் காலிப் பையை உதறிக் காட்டினார். கைதட்டல், குக்கர் பரிசு.

"டார்கெட்னா டார்கெட்தான். அந்த ஆளப் பாத்து யாரும் கெட்டுப் போவாதீய" என்று இலவச உபதேசம் வேறு.

பஸ் ஏறும்போதுதான் மேடம் குண்டைத் தூக்கிப் போட்டார். ஆவணியில் திரும்ப வந்து, முதல் பரிசு இடத்தைப் படம் எடுத்துக் கம்பெனி காலண்டரில் போடப் போகிறார்களாம்.

 சுடலைமுத்து தன் விதையில் முக்கால்வாசியை ஒரு பாறைக்குப் பின்னால் ஒரே குழியில் கொட்டி மூடியது, அவருக்கும் அந்தப் பாறைக்கும் மட்டும்தான் தெரியும். முளைத்தால் மானம் போய்விடும். மழையே வரக்கூடாது என்று சாமி கும்பிட்டவர் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான்.

சாமி கேட்கவில்லை. மழை கொட்டித் தீர்த்தது.

ஆவணியில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பெயர் அட்டை இருந்த இடம் முழுக்கச் சாண் உயரத்துக்குப் புல். மேடம் படமாக எடுத்துத் தள்ளினார்.

சுடலைமுத்து நைசாகப் பாறைக்குப் பின்னால் போனார். குழி வெறுமையாக இருந்தது. பக்கத்தில் கரியப்பன் நின்றிருந்தார்.

"உங்க எடம் மொட்டையா இருக்க, இங்க மெத்தையாட்டம் மொளைச்சுக் கெடந்துதுங்க சார். மேடம் பாத்தா உங்களுக்குத் தலகுனிவாப் போயிருமேன்னு, போன மாசமே பிரிச்சு உங்க எடத்துலயே நட்டுட்டேன்."

 சுடலைமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வருசம் ஒண்ணு பண்ணுங்க சார்" என்றார் கரியப்பன், பணிவு குறையாமல். "வெதையை பஸ்ஸுலயே எங்கிட்ட குடுத்துருங்க. பாறை வரைக்கும் தூக்கிட்டு நடக்கற செரமமாச்சும் உங்களுக்கு மிச்சம்."