வில்லுக்கு முன் ஒரு மூச்சு

ஆஸ்திரேலியாவின் பாலராட்டில் எங்கள் அடுக்குமாடிச் சுவர்கள் அப்பளம் மாதிரி. அதனால் மின் வயலினில் ஹெட்போன் மாட்டித்தான் பயிற்சி. பழைய ஹெட்போன் உடைந்ததும், நண்பன் டெரன்ஸின் இசைக்கருவிக் கடையில் இருந்ததிலேயே மலிவானதை எடுத்தேன். பெட்டி பிரித்து ஒட்டியதாகத் தெரிந்தது.

"யாராவது திருப்பிக் குடுத்ததா?" என்றேன்.

"நீ போலீஸ்ல சேர்ந்திருக்கலாம்," என்று டெரன்ஸ் சிரித்தான். பில்லை நீட்டினான்.

எங்கள் நால்வர் குழுவில் முதல் வயலின்காரர் மூக்கால் மூச்சிழுப்பார். அதுதான் தொடங்கும் சைகை. நான் பல வருஷமாக இரண்டாவது வயலின். இப்போது முதல் இடம் காலி. அதற்கான தேர்வுக்குத்தான் இந்தப் பயிற்சி.

வீட்டில் ஹெட்போனை மாட்டி வில்லை உயர்த்தினேன். காதுக்குள் யாரோ மூச்சிழுத்தார்கள். பழக்க தோஷம், கை தானாக வாசிக்கத் தொடங்கிவிட்டது. என் மூச்சை அடக்கிப் பார்த்தேன். அப்போதும் கேட்டது.

மறுநாள் வயலினும் ஹெட்போனுமாகக் கடைக்குப் போனேன்.

"நீயே மாட்டிக் கேளு. உள்ள யாரோ மூச்சு விடறாங்க."

"சரி, வாசி," என்று டெரன்ஸ் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

அவனை நம்பாமல், வில்லை உயர்த்தி அப்படியே நின்றேன். அவன் தலை லேசாக அசைந்தது. பிறகு கால் தாளம் போட ஆரம்பித்தது. வெகுநேரம் போட்டது.

கடைசியில் கழற்றினான். "மூச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா எப்போ இப்படி வாசிக்கக் கத்துக்கிட்ட? அந்த இடம் உனக்குத்தான்."

என் வில் இன்னும் தந்தியைத் தொடவில்லை.