தலையணைக்குள் உல்லன்

"அந்த அலமாரி ஏம்மா பூட்டியிருக்கு?"

வந்து இறங்கி, கைகால் கழுவியதும் மாமியார் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பழைய பேப்பருங்க அத்தை. எல்லாம் ஆபீஸ் சமாச்சாரம்" என்றாள் மருமகள்.

பொய். உள்ளே இருந்தது அத்தனையும் நூல். உல்லன், பருத்தி, பட்டு கலந்தது என்று கடையில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கியிருந்தாள். பின்னுவதற்கென்றுதான் வாங்குவாள். வாங்கிய பிறகு, பின்னினால் தீர்ந்துபோய்விடுமே என்று கை வராது. எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவாள்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. ஊரார் நெஞ்சுக்கூட்டுக்குள் இருப்பதையெல்லாம் படம்பிடித்துக் காட்டுகிறவள், தன் அலமாரிக்குள் இருப்பதை ஒரு மாதமாகக் கட்டியவனுக்குக் காட்டாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் பின்னி முடித்தது கணவனுக்கு ஒரு கையுறை. ஜோடி அல்ல, ஒன்று. இன்னொரு கைக்கு அவன் பாண்ட் பாக்கெட்டை நம்பியிருந்தான்.

போன மாதம் அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "தாயே, அம்மா வர்றாங்க. வீட்ல ஒரு கண்டு நூல்கூட இருக்கக் கூடாது. யாருக்காவது குடுத்துடு."

"குடுத்துட்டேங்க" என்று மறுநாளே சொல்லிவிட்டாள்.

கொடுத்ததென்னவோ உண்மை. கட்டிலிலிருந்து எடுத்து அலமாரிக்குக் கொடுத்தாள். அலமாரி நிரம்பியதும் பரணுக்கு. பரணும் போதாமல் வாஷிங் மெஷினுக்கு. அன்றிலிருந்து மெஷின் ரிப்பேர் என்று சொல்லித் துணியெல்லாம் கையால் துவைத்துக்கொண்டிருந்தாள். புத்திசாலித்தனத்துக்குக் கூலி, தோள்வலி.

மாமியார் வந்தது முழங்கால் வலிக்கு ஓய்வெடுக்க. ஆனால் அந்த முழங்கால் ஓய்ந்த மாதிரியே தெரியவில்லை.

"பரண் மேல என்ன பெட்டி?"

"பழைய போர்வை அத்தை."

"மெஷின் ரிப்பேருன்னா மூடியை ஏன் டேப் போட்டு ஒட்டியிருக்கே?"

"அது... தூசி போகாம இருக்க."

மாமியார் அலமாரிப் பக்கம் போய் நின்று மூச்சை இழுத்தார். "அந்துருண்டை வாசனை வருது. பேப்பருக்கா அந்துருண்டை போடுவாங்க?"

மருமகள் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிக்கொண்டு ஓடினாள். அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

அவளுக்கு விடுமுறை வந்த நாளில், கணவன் வேலைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், குட்டு உடைந்தது. மாமியார் கட்டிலில் உட்கார்ந்து தலையணையை அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார். உறையைக் கழற்றி உதறினார். கருஞ்சிவப்பு உல்லன் கண்டுகள் தரையெல்லாம் உருண்டோடின.

மருமகள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

"அலமாரிச் சாவியைக் குடு" என்றார் மாமியார்.

அப்புறம் அலமாரி, பரண், மெஷின் என்று ஒன்று பாக்கியில்லை. மாமியார் ஒவ்வொரு கண்டாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு இழையை உருவி விரலில் முறுக்கிப் பார்த்தார். சுங்க அதிகாரிகூட இப்படிச் சோதித்திருக்கமாட்டார்.

"அசல் உல்லனாச்சே இது. எங்க வாங்கினே?"

"ஸ்டேஷனுக்கு எதிர்ல ஒரு கடை அத்தை. இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்."

"கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

பாவம், கடைக்காரருக்கும் சேர்த்து இன்றைக்கு நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள் மருமகள்.

"அத்தை, அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எல்லாத்தையும் குடுத்துட்டேன்னு நம்பிட்டிருக்காரு. பொய் சொன்னேன்னு தெரிஞ்சா அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல இது அத்தனையும் என் ரூமுக்கு வரணும். ஒரு துண்டு விடாம."

தன் வழக்குக்குத் தானே சாட்சிகளைச் சுமந்து போகிற குற்றவாளி தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று எண்ணியபடி, அவளே மூட்டை மூட்டையாகச் சுமந்து போய் வைத்தாள். கடைசி மூட்டை உள்ளே போனதும் அறைக்கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

வேறு வழி தெரியாமல் மாமனாருக்குப் போன் போட்டாள். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர் அவர்.

"மாமா, தப்பு என் பேர்லதான். வீடு பூரா நூல் வாங்கி ஒளிச்சு வெச்சிருந்தேன். அத்தை கண்டுபிடிச்சு, எல்லாத்தையும் அவங்க ரூமுக்குக் கொண்டு போயிட்டாங்க. சாயங்காலம் அவர் வந்ததும் காட்டிக் குடுத்துடுவாங்க. நீங்கதான் கொஞ்சம் சொல்லணும்."

மாமனார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கதவை உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாளாம்மா?"

"ஆமா மாமா."

மாமனார் பெருமூச்சு விட்டார். "அப்ப பயப்படாதே, அவ யார்கிட்டயும் மூச்சு விடமாட்டா. ஆனா உன் நூல் உனக்குத் திரும்பி வராதும்மா. முழங்கால் வலியெல்லாம் நாங்க கட்டிவிட்ட கதை. இங்க நான் உட்கார ஒரு நாற்காலி இல்லாம வீடு பூரா நூலை வாங்கி ரொப்பிட்டா. நூலே கண்ணுல படாத வீட்ல கொஞ்ச நாள் இருந்தா தெளிஞ்சுடுவான்னுதான், அப்பனும் மகனும் பேசி வெச்சு அவளை உன்கிட்ட அனுப்பினோம்."