மாங்காய் தராதவள்

கல்லீரல் மாற்றிய நாளிலிருந்து வேலாயுதத்தின் மணிக்கட்டில் ஒரு பட்டை இருந்தது. அவர் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று அது நலத்துறைக்கு மார்க் அனுப்பும். அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவி முத்தரசியின் கவனிப்புக்கும் அதே மார்க்தான்.

கிருமி தொற்றிவிடும், பச்சையாக எதுவும் தின்னக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலாயுதமோ தெருமுனையில் விற்கும் உப்பு மாங்காய்க்காக நித்தமும் சண்டை போட்டார். அவள் மறுத்தாள். தட்டு பறந்தது, மார்க் சரிந்தது.

மூன்றாம் மாதம் நலத்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார்.

"நூத்துக்கு முப்பத்தொண்ணுதான் எடுத்திருக்கீங்கம்மா. நாளையிலேர்ந்து எங்க ஆளு பாத்துக்குவாரு. நீங்க இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

"குடுத்தா செத்துப்போவாருன்னுதானம்மா குடுக்கல," என்றாள் முத்தரசி.

"தொலையட்டும் மேடம். இவ மூஞ்சியப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது," என்றார் வேலாயுதம்.

முத்தரசி மருந்துப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முதன்முறையாக மதியம் படுத்துத் தூங்கினாள்.

பத்தாம் நாள் அந்த அதிகாரி போனில் அழைத்தார்.

"சாரைத் தீவிர சிகிச்சையில சேத்திருக்கோம். வயித்துல கிருமி. ஒங்களத்தான் கேக்குறாரு, வாங்கம்மா."

"மாங்கா குடுத்தீங்களா?"

"எங்க ஆளு கேட்டதெல்லாம் குடுத்திருக்காரு..."

"மார்க் எவ்வளவு வந்துச்சு?"

"தொண்ணூத்தாறு."

"பெறகென்ன, சந்தோஷமாத்தானே இருக்காரு," என்று முத்தரசி போனை வைத்தாள்.

அக்கா உள்ளே போய் வெளியில் கட்டும் சேலையை எடுத்துவந்து நீட்டினாள். முத்தரசி அதை வாங்கிக்கொள்ளவில்லை.