எலியா, ஆளா?

"வெண்டல்! இன்னும் ஒரு அடி எடுத்து வச்சே, மண்டையப் பொளந்துடுவேன்!"

கொட்டகைக்குள் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றார் ஹால்வர். வாசலில் நின்றதோ பக்கத்துத் தோட்டத்து வெண்டல் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சேதம் பார்க்க வந்த நடீன் என்ற பெண். பாவம், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெலவெலத்துப் போய்விட்டாள்.

"ஐயா, நான் இன்சூரன்ஸ்லேர்ந்து வர்றேன்! நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"அட, நீயாம்மா? வா, வா. அந்தத் தடிப்பயல்தான் மறுபடி நுழையறான்னு நெனச்சுட்டேன்." குரலைக் கேட்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டார். கோபம் வந்தால் கண்ணை மறைக்கும் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

கொட்டகையில் அவருடைய வீட்டு வண்டி நின்றது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. மினசோட்டாவில் குளிர் தலைகாட்டியதும் ஹால்வரும் மனைவி ஆர்டிஸும் அதில் ஏறி அரிசோனா வெயிலுக்கு ஓடிவிடுவார்கள். கோடை முழுக்க வண்டி இங்கே சும்மா நிற்கும். இந்த வருஷம் சாவியைத் திருகினால் வண்டி மூச்சே விடவில்லை. அடியில் வயரெல்லாம் கந்தல்.

"முதல்லயே சொல்லிடறேன் ஐயா," என்றாள் நடீன். "ஆள் யாராவது நாசம் பண்ணியிருந்தா கம்பெனி முழுசா சரிபண்ணித் தரும். எலி கடிச்சிருந்தா சல்லிக்காசு கிடைக்காது. பாலிசி அப்படி."

"எலியாவது, பூனையாவது! எலி அண்டக் கூடாதுன்னு மூலைக்கு மூலை வாசனைத் தாள் வச்சிருக்கேன். இது வேலித் தகராறுல வெண்டல் பண்ணின வேலை. கைக்காசு போட்டுச் சரிபண்ண எனக்கு வக்கில்லைம்மா. இந்தக் குளிர்ல ஒரு சீசன் மாட்டினேன்னா, என் முட்டி ரெண்டும் போச்சு."

"எலிதாங்க," என்றபடி காபித் தட்டோடு உள்ளே வந்தாள் ஆர்டிஸ். "அடியில புழுக்கை கிடக்குது. நானே பார்த்தேன்."

"நீ வாய மூடுடி! வர்றதையும் கெடுத்துத் தொலைச்சுடுவே போலிருக்கே!"

"பொய் சொல்லியா வாங்கணும்? எலின்னா எலிதான்."

நடீனுக்கு அந்த அம்மாவைப் பிடித்துப் போயிற்று. எலிப்பொறியைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்துவிட்டு, எலியே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்களைத்தான் அவள் தினமும் பார்க்கிறாள். கிழவர்மீது மட்டும் சந்தேகம் தட்டியது. இந்த மனுஷன் ஏன் இப்படிக் குதிக்கிறார்?

டார்ச்சோடு வண்டிக்கடியில் புகுந்தாள். வெளியே வரும்போது முகம் மாறியிருந்தது.

"எலி மேலுறையைத்தான் கொறிக்கும். செம்புக் கம்பியை விட்டுடும். இங்க செம்பும் சேர்ந்து அறுந்திருக்கு, அதுவும் ஒரே வெட்டுல."

"நான் சொல்லலை?"

"வெட்டினது யாருன்னுதான் யோசிக்கிறேன். வண்டி பழசு. வயரை எல்லாம் ஓசியில புதுசா மாத்திக்கலாம்னு நீங்களே..."

"என்னது? என் வண்டியை நானே வெட்டுவேனா?" ஹால்வரின் காது வரை சிவந்துவிட்டது. "எனக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் இதை ஓட்டுறதுதாம்மா. நாக்குல நரம்பில்லாம பேசாதே!"

நடீன் கையுறைக்குள் பொறுக்கி வைத்திருந்த புழுக்கைகளை அவர் உள்ளங்கையில் கொட்டினாள். "இது என்னன்னு சொல்லுங்க."

அருவருப்போடு விரலால் உருட்டினார், முகர்ந்தார். "நாத்தமே இல்லையே?"

"எப்படி இருக்கும்? காட்டரிசி ஐயா! நம்ம ஏரியில விளையுற அதே கறுப்பு அரிசி. இந்த ஊர்ல எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் இருக்கும். யாரோ புழுக்கை மாதிரி தூவியிருக்காங்க."

ஆர்டிஸ் காபித் தட்டைக் கீழே வைத்தாள். "ஐயையோ! அப்போ வெளியாள் யாராவது உள்ள வந்திருக்காங்களா?"

"வெளியாள்தாம்மா. எலின்னு காட்டினா நஷ்டம் உங்களுக்குத்தான், அதனால இது உங்க வீட்டுக்காரர் வேலை இல்லை. ஐயா, உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்குங்க. வண்டியையும் கெடுத்து, இன்சூரன்ஸும் வரக் கூடாதுன்னு எவனோ திட்டம் போட்டுச் செஞ்சிருக்கான்."

"எவனோ என்ன எவனோ? வெண்டல்!" ஹால்வர் துள்ளினார். "மாட்டினியாடா மவனே! ஏ கிழவி, பெட்டியைக் கட்டுடி, வெயிலுக்குப் போறோம்!"

ஆள் செய்த நாசம், முழுத் தொகையும் உண்டு என்று குறித்துக்கொண்டு நடீன் காருக்கு நடந்தாள். பின்னாலேயே ஆர்டிஸ் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"வண்டி எப்பம்மா சரியாகும்?"

"பனி கொட்டறதுக்குள்ள ஆயிடும். கவலைப்படாதீங்க, ஐயா ஜம்முனு ஓட்டிக்கிட்டுப் போவாரு."

ஆர்டிஸ் கார்க் கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. "எலின்னே எழுதிடும்மா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"ஏம்மா, வெண்டலுக்குப் பயப்படறீங்களா?"

ஆர்டிஸ் கொட்டகைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெட்டினது நான்தாம்மா. அவருக்குக் கண்ணு தெரியல."